ரீலைப் பார்த்துக் கோல் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைக் கடற்கரையில் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளில் மாலை வேளைகளில் நின்று மீன் பிடிப்பவர்களில் நானும் ஒருவன். அண்மைக் காலமாக இங்கே வரும் இளைஞர்கள் சிலர், கடலுக்கென்றே செய்யப்பட்ட பெரிய ஸ்பின்னிங் ரீல்களை (தூண்டில் நூலைச் சுற்றி வைக்கும் கருவிகளை) பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கி வருகிறார்கள். ஆனால் அந்த ரீலை மாட்டியிருக்கும் தூண்டிற்கோலோ, ஏரியில் ஜிலேபிக்கும் விராலுக்கும் போடுகிற இலேசான கோலாக இருக்கிறது. கடைகளில் ராடு என்று கேட்டு வாங்கும் இந்தக் கோலைப் பற்றி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இதனால் பொருள் வீணாவதோடு ஆளுக்கும் ஆபத்து நேர்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 8000 எண் பொறித்த ரீல் ஒன்றை வாங்கினேன். கோலும் புதிதாக வேண்டுமா என்று கேட்டதற்கு, “உங்ககிட்ட இருக்கிற ராடே போதும் சார், ரீல்தான் முக்கியம்” என்றார் கடைக்காரர். என்னிடம் இருந்தது 7 அடிக் கோல். அதன் அடிப்பகுதியில் 8 முதல் 17 பவுண்டு தாங்கும் நூலுக்கு என்றும், 10 முதல் 30 கிராம் வரை எறியும் எடைக்கு என்றும் அச்சிட்டிருந்ததை அன்று நான் பொருட்படுத்தவில்லை. ரீலில் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூலைச் சுற்றிக்கொண்டு போய், 40 கிராம் லூரை (செயற்கை இரையை) வீசி இழுத்துக்கொண்டிருந்தபோது பாரை மீன் ஒன்று அடித்தது. மீன் பாறையை நோக்கித் திரும்பியதைக் கண்டு, எவ்வளவு இழுப்புக்கு நூல் நழுவி வெளியேற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை இன்னும் இறுக்கினேன். கோலின் நடுப்பகுதி பட்டாசு வெடித்தாற்போல் ஒடிந்தது. ஒடிந்த கார்பன் சிம்பு பக்கத்தில் நின்ற தம்பியின் முன்கையைக் கீறிவிட்டது. அந்தக் கூரிய முனையிலேயே நூலும் அறுந்து, மீன் மூன்று முள் கொண்ட லூரையும் பல மீட்டர் நூலையும் வாயில் இழுத்துக்கொண்டு போயிற்று. பாசி படிந்த பாறையில் நின்றவனுக்குக் கோல் சட்டென்று ஒடிந்து இழுப்பு நின்றால் என்ன ஆகும் என்பதை அன்று உணர்ந்தேன். பின்னால் சாய்ந்த என்னை அந்தத் தம்பிதான் பிடித்து நிறுத்தினார்.

ரீலின்மேல் இருக்கும் 6000, 8000, 10000 போன்ற எண்கள் எடையையோ வலிமையையோ குறிப்பவை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் ரீல்களின் அளவை வரிசைப்படுத்த வைத்துக்கொண்ட எண்கள் அவை. பென் நிறுவனத்தின் 8500 என்பதையும் ஷிமானோவின் 8000 என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவல்ல என்பது கண்ணுக்கே தெரியும். ஆகவே ‘8000 ரீலுக்கு எந்தக் கோல்’ என்ற கேள்விக்கு நேரான விடை கிடையாது. எந்த மீனுக்காக, எங்கே நின்று, எவ்வளவு எடையை எறியப் போகிறோம், அதற்கு எந்த நூலைச் சுற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் கோல் தானாகவே முடிவாகிவிடும். ரீல் அந்த நூலைத் தேவையான நீளத்திற்குக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதில் டிராக் கணக்கைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ரீல் பெட்டியின்மேல் 12 கிலோ, 20 கிலோ என்று அச்சிட்டிருப்பது அந்த ரீல் தாங்கக்கூடிய உச்ச அளவு. நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு அதுவன்று. நூல் அறுபடும் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பதே வழக்கம். 50 பவுண்டு நூல் என்றால் ஏறத்தாழ 23 கிலோ. அப்படியானால் டிராக் 6 அல்லது 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அந்த 7 கிலோவைக் கோல் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 17 பவுண்டு நூலுக்கென்று செய்த என் பழைய கோல், அதே கணக்கின்படி இரண்டரைக் கிலோ இழுப்புக்குத்தான் உரியது. அதன்மேல் மூன்று மடங்கு சுமையை நானே ஏற்றினேன். ஒடிந்தது கோலின் குற்றமன்று.

அந்த 7 கிலோ நம் கையில் என்னவாக வந்து சேர்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோலின் அடியை வயிற்றில் ஊன்றி, அதிலிருந்து அரை மீட்டர் மேலே முன்கையால் பிடித்திருக்கிறோம். வளைந்த நுனி இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்கின்படி நுனியில் 7 கிலோ இழுத்தால் முன்கையில் ஏறத்தாழ 28 கிலோ விழும். கோல் நீண்டால் இச்சுமை இன்னும் கூடும். படகில் நின்று ஆழத்தில் ஜிக் என்னும் கனமான உலோக லூரைப் போடுபவர்கள் 6 அடியை ஒட்டிய குட்டைக் கோலைப் பிடிப்பதும், படகிலிருந்து பாப்பர் என்னும் நீர்மேல் மிதக்கும் லூரை எறிபவர்கள் 8 அடியை ஒட்டி நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். தூண்டில் வளைவில் நிற்கும் நமக்கோ அந்த வசதி இல்லை. தூரமும் எறிய வேண்டும், மீன் கரைக்கு வரும்போது நூல் பாறை விளிம்பில் உரசாமல் தூக்கியும் பிடிக்க வேண்டும். எனவே 9 முதல் 10 அடி வரை தேவைப்படுகிறது. மணற்கரையில் ஈயம் கட்டி இரையை எறிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 12 அடிக்கு மேலும் போகலாம். அவர்கள் கோலைத் தாங்கியில் ஊன்றிவிடுவதால் கை சலிப்பதில்லை.

ஜப்பானியக் கோல்களில் பவுண்டுக்குப் பதிலாக ‘பிஇ’ என்று போட்டு 3, 4, 6 போன்ற எண்களைத் தந்திருப்பார்கள். அது நூலின் பருமனைக் குறிப்பது. பிஇ 1 என்பது ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர், பிஇ 4 என்பது 0.33 மில்லிமீட்டர். ஒரே பருமனுள்ள நூல் ஒரு நிறுவனத்தில் 40 பவுண்டும் இன்னொன்றில் 60 பவுண்டும் தாங்கும் என்பதால், இந்த எண்ணை நூல் பெட்டியில் உள்ள வலிமையோடு சேர்த்தே படிக்க வேண்டும். வடசென்னைப் பாறைகளில் பாரைக்கும், வாய்ப்பிருந்தால் வஞ்சிரத்துக்கும், பிஇ 3 முதல் 5 வரை குறிப்பிட்டு, 40 முதல் 100 கிராம் வரை எறியத்தக்க கோலே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் தடித்த கோலில் 40 கிராம் லூர் தூரமே போகாது. கோல் வளைந்து நிமிர்ந்தால்தானே எறிதல் என்பது.

அடுத்து, நுனியை ஆட்டிப் பார்த்தே கோலை வாங்குபவர்கள் கவனிக்கத் தவறும், கோலில் நூல் கோத்துச் செல்லும் வளையங்களுக்கு வருகிறேன். பெரிய ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலிலிருந்து நூல் அகன்ற சுருளாகத் துள்ளி வெளிவருகிறது. அந்தச் சுருளை அடக்கி நேராக்குவது ரீலுக்கு அடுத்துள்ள முதல் வளையம். அது சிறிதாகவோ ரீலுக்கு மிக அருகிலோ இருந்தால், நூல் அதன்மேல் அடித்துக்கொண்டு தூரம் குறைவதோடு, சில வேளைகளில் வளையத்தின் காலில் சுற்றிக்கொண்டு எறிந்த வேகத்தில் அறுந்தும் விடுகிறது. 8000 அளவு ரீலுக்கு முதல் வளையம் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை விட்டமும், கோலிலிருந்து நன்கு விலகி உயர்ந்து நிற்கும் காலும் உடையதாக இருப்பது நல்லது. நைலான் நரம்புக்குத் தாங்கிய மலிவான வளையத்தில் பிரெய்டு நூல் நாளடைவில் வரிவரியாகப் பள்ளம் போட்டுவிடும். அந்தப் பள்ளமே பிறகு நூலை அறுக்கும். பஞ்சை வளையத்துக்குள் விட்டு ஒருமுறை சுற்றி இழுத்தால், இழை சிக்கும் இடத்தில் கீறல் இருப்பது தெரிந்துவிடும்.

பெரிய ரீலின் எடை 600 முதல் 850 கிராம் வரை இருக்கும். ரீலின் கால் பொருந்தும் ரீல் சீட் அதற்கேற்ற அளவில் இல்லாவிட்டால், திருகு முழுவதும் இறுகியதுபோல் தோன்றினாலும் எறியும்போது ரீல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவேதான் ரீலைக் கையோடு எடுத்துச் சென்று மாட்டிப் பார்க்காமல் கோல் வாங்காதீர்கள் என்று இளைஞர்களிடம் மன்றாடிச் சொல்கிறேன். இணையத்தில் வாங்கிவிட்டவர்கள், கடலுக்குப் போகும் முன் வீட்டு வாசல் கதவில் சிறிய தொங்கு தராசு ஒன்றைக் கட்டி, நூல் நுனியை அதில் மாட்டி, கோலைத் தரையிலிருந்து 45 பாகை சாய்வில் பிடித்து இழுத்து, டிராக் எத்தனை கிலோவில் நழுவுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கோலைச் செங்குத்தாகத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து மட்டும் இழுக்கக்கூடாது. அப்போது சுமை முழுவதும் மெல்லிய நுனிப்பகுதியில் விழுந்து, நல்ல கோலும் ஒடிந்துவிடும்.

வணிகர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. இறக்குமதியாகி வரும் கோல்களில் பவுண்டும் அவுன்சும் பிஇ எண்ணும் மட்டுமே இருக்க, அவற்றை வாங்கும் மீனவ இளைஞருக்கு அவற்றின் பொருளைச் சொல்ல யாரும் இல்லை. எத்தனை கிலோ நூலுக்கு, எத்தனை கிராம் எறிவதற்கு, டிராக் எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்ற மூன்று விவரங்களையும் தமிழில் ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுக் கோலிலேயே ஒட்டித் தருவது இறக்குமதி செய்வோருக்குப் பெரிய செலவாகாது. அதைக் கட்டாயமாக்க உரிய துறை முன்வர வேண்டும். அதுவரை கடைக்காரர்கள், பெரிய ரீலை விற்கும்போது எந்தக் கோலில் மாட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடசென்னை