56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலக) முகவரிக்கு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். செவலை மாடு பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கிடாரிக் கன்று போட்டது. தங்கச்சி வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அம்மா சொல்லியிருப்பாள். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். பக்கத்திலேயே அம்மாவும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பொங்கலுக்கு வந்துவிடுவாய் என்று இருந்தோம். 2024 அக்டோபர் 21ஆம் தேதி, லடாக் எல்லையில் தெப்சாங், தெம்சோக் இரண்டு இடத்திலும் சீனாவோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. தீபாவளிக்கு நம் ஆட்களும் சீனாக்காரர்களும் இனிப்பு மாற்றிக்கொண்டதும் பேப்பரில் வந்தது. அம்மா அதைக் கத்தரித்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பு. நேருக்கு நேர் நின்றவர்கள் சற்றுத் தள்ளிப் போயிருக்கிறார்களே தவிர, ஒருவரும் மலையை விட்டு இறங்கவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கையுறையைக் கழற்றாதே. ஈரச் சாக்ஸோடு தூங்காதே. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி, அந்த உயரத்தில் தாகமே தெரியாது என்று நீதான் சொன்னாய்.

2020 ஜூன் 16 எனக்கு மறக்காது. மத்தியானம் டிவியில், லடாக் கல்வானில் சீனாக்காரர்களோடு நடந்த மோதலில் இறந்தது ஒரு அதிகாரி, இரண்டு வீரர்கள் என்றார்கள். அப்புறம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் பழனி என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டுக்காரர் என்றதும் அம்மா கையில் இருந்த முறம் அப்படியே சரிந்தது. ராத்திரி இருபது பேர் என்றார்கள். உன் போன் ஒன்பது நாள் அடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் நீ பேசியபோது உன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கல்வானில் என்ன பார்த்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. எல்லைக்கோட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996இலேயே இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கல்லாலும் ஆணி அடித்த கம்பியாலும் அல்லவா அடித்துக்கொண்டார்கள்! அந்தக் கோடு எத்தனை நீளம் என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. நாம் 3,488 கிலோமீட்டர் என்கிறோம், அவர்கள் ஏறக்குறைய 2,000 என்கிறார்கள். 1962இல் சண்டை போட்டு முடித்த பிறகும், எது யாருடையது என்று தரையில் ஒரு கல்கூட நட்டு முடிக்கவில்லை.

அந்த வாரம் டீக்கடையில் கட்சி பிரிந்து பேசினார்கள். நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று பிரதமர் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் சொன்னதை வைத்து ஒருத்தன், அப்படியென்றால் இருபது பேர் எங்கே விழுந்தார்கள் என்றான். இன்னொருத்தன் அவனைத் தேசத்துரோகி என்றான். நான் நடுவில் எழுந்து, "என் பிள்ளை அங்கே நிற்கிறான், ஒரு அங்குலம் விடமாட்டான்" என்றேன். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான், அதில் மாற்றமில்லை. உன்னை மாதிரி ஒரு பிள்ளை இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறான்? ஆனால் மூன்று வாரம் போன் பண்ணாமல் இருக்க எப்படி மனசு வருகிறது?

அந்த ஒரு அங்குலம் என்ற பேச்சு என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பொங்கலில் யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் பெரியப்பாவிடம் நான் சொன்ன வார்த்தைதான் அது. சர்வே கல்லைப் பெயர்த்தது அவரா, வெள்ளமா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மூன்றடி வரப்பு. இரண்டு தென்னை நடக்கூட இடம் காணாது. நீ ப்ளஸ் டூ முடித்த வருஷம், காலேஜுக்குக் கட்டப் பணம் புரளவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பணம் இருந்தது தம்பி. அறுபதாயிரம், பீரோவில் உன் ஜாதகத்துக்கு அடியில் இருந்தது. அதைத்தான் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ ஒன்றும் கேட்காமல் மறு மாசமே ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழக ஆரம்பித்தாய். விடிகாலையில் அந்த வரப்பு மேலேதான் ஓடுவாய். நான் கட்டிலில் படுத்தபடி உன் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு இது தெரியாது. வரும் வியாழன் மறுபடி வாய்தா, போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. எழுத வந்தது வேறு.

ஆவணியில் லீவில் வந்திருந்தாயே, அன்றைக்குச் சாயந்திரம் அம்மா அடுப்பில் இருந்து இறக்கிய டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். நான் துண்டால் பிடித்தும் எனக்குச் சுட்டது. நீ வலது கையால் வாங்கி, விரலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தங்கச்சியோடு பேசிக்கொண்டே இருந்தாய். ஒரு தடவைகூடக் கை மாற்றவில்லை. சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்டாய். மெஸ் பழக்கம் என்று அம்மா சிரித்தாள். மோட்டார் கொட்டகையில் நீ கை கழுவும்போது பார்த்தேன், நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் கறுத்து, நகம் சுருங்கிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாய். பனிக்கடி என்றால் டாக்டரிடம் காட்டினாயா? குளிர்காலத்தில் மறுபடி அங்கேயே அனுப்பியிருக்கிறார்களே, விரல் விஷயம் அவர்களுக்குத் தெரியுமா, இல்லை அவர்களிடமும் துண்டுக்குள் மறைத்துவிட்டாயா?

கையுறையைக் கழற்றாதே. உன் துணையாளியையும் கழற்ற விடாதே.

இதற்குப் போனில் பதில் வேண்டாம். நாலு வரி எழுதிப் போடு, வலது கையால் எழுது. எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அப்பா