நீ போனில் கேட்டதற்கு என் பதில்

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "வல்லான் வகுத்ததே வாய்க்கால் அம்மா, இதில் சர்வதேசச் சட்டம் எங்கே இருக்கிறது? நான் எதற்கு இதைப் படிக்கிறேன்?" என்று கேட்டாய். இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஐநா பாடத்தை நான் சரியாக நடத்தவில்லை. ஆறு அங்கங்கள், பாதுகாப்புச் சபையில் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள், தொடங்கிய ஆண்டு 1945. இதை எழுதினால் முழு மதிப்பெண். அந்த ஐந்து பேருக்கு மட்டும் ஏன் வீட்டோ, அதாவது ஒருவரே தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை, என்று ஒரு பிள்ளை கேட்டபோது, "போரில் ஜெயித்தவர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் கூடி ஐநா சாசனத்தை எழுதின. வீட்டோ வேண்டாம் என்று சின்ன நாடுகள் போராடின. ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவாட் அந்த நாடுகளுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்கக் குழுவில் டாம் கானலி என்று ஒரு செனட்டர் இருந்தார். அவர் எழுந்து, "வீட்டோவைத் தோற்கடித்தோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லுங்கள், கூடவே சாசனத்தையும் கிழித்துவிட்டோம் என்று சொல்லுங்கள்" என்கிற மாதிரிப் பேசினார். பேசிக்கொண்டே கையிலிருந்த வரைவைச் சுக்குநூறாகக் கிழித்து மேஜை மேல் வீசினார்.

மிரட்டல்தான், வேறு பெயர் இல்லை அதற்கு. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஐநாவுக்கு முன்பிருந்த சங்கத்தின் கதையும் மறக்கவில்லை. உலக நாடுகள் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933-லும், இத்தாலி 1937-லும் விலகின. பெரியவர்கள் எழுந்துபோன சபையில் மிச்சமிருந்தவர்கள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள், வெளியே போர் மூண்டது. அதனால் சின்ன நாடுகள் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டன. பெரியவனுக்குச் சலுகை கொடுத்தார்கள். பதிலுக்கு, அடுத்தவன் நிலத்தை ஆயுதத்தால் பிடுங்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே பொய் என்றாயே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது ஒரு பேரம், சமமில்லாத பேரம்.

பண விஷயத்திலும் இதே கதைதான். சர்வதேச நாணய நிதியத்தில் முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவின் கையில் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. மீதி எல்லா நாடுகளும் ஒன்று சேர்ந்தாலும் அது இல்லாமல் நடக்காது. உனக்குத் தெரியாததில்லை.

சரி, அந்தப் பேரத்தையாவது மதித்தார்களா? 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி, பாதுகாப்புச் சபையில் ஒரு சின்னக் குப்பியை விரலிடுக்கில் தூக்கிக் காட்டியதை டிவியில் பார்த்தேன். நீ பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதமே சபையின் ஒப்புதல் இல்லாமல் இராக்குக்குள் அமெரிக்கப் படை போனது. சொன்ன ஆயுதங்கள் அங்கே இல்லை. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 11 நாடுகள் கைதூக்கின, ரஷ்யா வீட்டோ போட்டது. அந்த மாதம் சபைக்குத் தலைமையும் ரஷ்யாதான். 2023 டிசம்பர் 8 அன்று காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது, அமெரிக்கா வீட்டோ போட்டது. உக்ரைனுக்காகச் சட்டம் பேசியவர்களே காசாவில் வாய் மூடினார்கள் என்று நீ கொதித்தாய். உன் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். 'மூடினார்கள்' என்று குற்றம் சொல்ல உனக்கு அளவுகோல் எங்கிருந்து வந்தது? அதே சாசனத்திலிருந்துதானே. அது இல்லாத காலத்தில் படையெடுத்தவன் குப்பியைத் தூக்கிக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை.

இந்த விஷயத்தில் என்னை உலுக்கியது கென்யாவின் தூதர் மார்ட்டின் கிமானி பாதுகாப்புச் சபையில் பேசிய பேச்சு. 2022 பிப்ரவரி 21, உக்ரைன் போர் தொடங்க மூன்றே நாள். ஆப்பிரிக்காவின் எல்லைகளை நாங்கள் வரையவில்லை, லண்டனிலும் பாரிஸிலும் லிஸ்பனிலும் வரைந்தார்கள் என்றார். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் எங்கள் உறவுகள் இருக்கிறார்கள், இனத்தை வைத்து நாடு கேட்டிருந்தால் இன்னும் போரிட்டுக்கொண்டிருப்போம் என்றார். கிடைத்த எல்லையோடு வாழ ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அந்தக் கோடு நியாயமாக இருந்தது என்பதல்ல என்பதையும் சொன்னார். அதே மூச்சில், இந்தச் சபையின் உறுப்பினர்கள் உட்பட வல்லரசுகள் சட்டத்தை மீறிவருவதையும் கண்டித்தார். யாரோ கிழித்த கோட்டால் காயப்பட்ட மக்களின் பிரதிநிதி அந்தக் கோட்டைக் காக்கப் பேசினார். ஏமாந்தவர் பேச்சு இல்லை அது. விதி இல்லாவிட்டால் முதலில் மிதிபடுவது யார் என்று தெரிந்தவரின் பேச்சு.

எனக்கு இப்போது பயம் தருவது வீட்டோ இல்லை. அது 1945 முதல் இருக்கிறது. வீட்டைக் கட்டியவனே செங்கல்லை உருவுகிறானே, அதுதான். நாடுகளுக்கு இடையிலான வர்த்தக வழக்குகளைக் கேட்கும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்தில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது மூன்று பேர். நியமனத்துக்கு எல்லா நாடுகளும் இசைய வேண்டும். ஒபாமா காலத்தில், 2016-ல், ஒருவரின் மறுநியமனத்தை அமெரிக்கா தடுத்தது. டிரம்ப், பைடன் என்று ஆள் மாறியும் தடை மாறவில்லை. 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார். அடுத்த நவம்பரில் அவர் காலமும் முடிந்தது. தோற்ற நாடு இன்று ஆளில்லாத அந்த மன்றத்துக்கு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், வழக்கு அங்கேயே கிடக்கும்.

அந்த மன்றத்தில்தான் கோஸ்டா ரிகா 1997-ல் உள்ளாடை ஏற்றுமதிக்கு அமெரிக்கா போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஜெயித்தது. அப்புறம் ஆன்டிகுவா. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத தீவு நாடு, இணைய சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை எதிர்த்து வென்றது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007-ல் நடுவர் தீர்ப்பும் வாங்கியது. வென்றும் உரிய நிவாரணம் கைக்கு வரவில்லை, உண்மைதான். ஆனால் ஆன்டிகுவாவுக்கு வேறு எந்த இடத்தில் அமெரிக்காவைக் கூண்டில் ஏற்ற முடிந்திருக்கும் என்று சொல்லு.

கைவிட்டுப் போனதை ஒட்டவைக்கவும் ஆட்கள் முயல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம், சீனா, ஜப்பான் உட்படப் பல நாடுகள் தங்களுக்குள் ஒரு தற்காலிக மேல்முறையீட்டு ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருக்கின்றன. தங்களுக்குள் ஆகாதவர்களும் அதில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் விதிகளை எழுதுபவர்களும் உன்னைப் போல இதைப் படித்தவர்கள்தானே?

படிப்பை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். கிமானியின் பேச்சை மட்டும் ஒருமுறை தேடிக் கேட்டுவிடு. ஞாயிறு பேசும்போது ஆன்டிகுவா வழக்கு கடைசியில் எங்கே நிற்கிறது என்று எனக்கு விளக்கமாகச் சொல்லு, அந்தச் சட்ட நுணுக்கம் எனக்குப் புரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா