பெயரைப் பதிந்தாலும் கடன் நம் தலையில்தான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்கும் நினைவு மலர்களுக்கும் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள், "அக்கா, பி.ஆர். எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்கிறார்கள். பி.ஆர். என்பது வியாபாரப் பெயர் பதிவு; அதை எடுத்தால் தொழிலின் கடன் நம்மைத் தொடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2022 தொடக்கத்தில் ஒரு மலருக்கு வடிவமைப்போடு அச்சிடுவதையும் சேர்த்து விலை பேசி, முற்பணம் வாங்கினேன். மார்ச்சில் ரூபா சரிந்தது, தாள் விலை ஏறியது. அச்சகம் கேட்ட தொகை நான் எழுதிக் கொடுத்த விலையை விட இரண்டு மடங்கு. சரி, நட்டம் வியாபாரத்துக்குத்தானே என்று இருந்தேன். பதிவுச் சான்றிதழைப் பார்த்த சட்டத்தரணி, "இந்தப் பெயரும் நீங்களும் ஒரே ஆள், பிள்ளை" என்றார். இரண்டு காப்புகளை அடகு வைத்துத்தான் அந்த மலரை அச்சேற்றினேன்.

சொந்தப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் தொழில் செய்தால், அதன் பின்னால் இருப்பவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். 1918 ஆம் ஆண்டிலிருந்து வியாபாரப் பெயர் பதிவு இருப்பது அதற்காகவே. அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். கடனிலிருந்து ஒளிய முடியாது. நண்பரோடு கூட்டாகப் பதிந்தால் அவர் வைத்த கடனுக்கும் நாமே பொறுப்பு.

வரையறுக்கப்பட்ட தனியார் கம்பனி வேறு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒருவரே பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருக்கலாம். கடன் கம்பனியுடையது, நாம் தனிப்பட்ட பிணை எழுதிக் கொடுக்காத வரை. ஆனால் செயலாளர் வேண்டும், வருடாந்த அறிக்கை கொடுக்க வேண்டும். தனியாளுக்கு 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு உள்ள வரி விலக்கும் கம்பனிக்குக் கிடையாது. உழைப்பை மட்டும் விற்பவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். பிறர் பணத்தில் பொருள் வாங்கிக் கொடுப்பவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். நான் இப்போது அச்சுக் கூலியைக் கையால் தொடுவதில்லை. வாடிக்கையாளரே அச்சகத்துக்கு நேராகக் கட்டுகிறார்.

கிராம உத்தியோகத்தரின் கையெழுத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த நாட்களில், உன் கடன் உன்னுடையதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தோடு இதைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்கும்படி அதிகாரிகளைக் கேட்கிறேன். உங்கள் பத்திரிகையும் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு இதை விளக்கமாக எழுதச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பக்க வடிவமைப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06