இளஞ்சிவப்புப் பேருந்தும் என் காலைக் காப்பியும்

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு சேகர்,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. தங்கச்சி மேல் நீ பட்டிருக்கும் சலிப்புக்குத்தான் இந்தப் பதில். தனியார் பேருந்து இரண்டை விட்டுவிட்டு, பெண்களுக்குக் காசில்லாத இளஞ்சிவப்புப் பேருந்துக்காக அரை மணி நேரம் நிற்கிறாளாமே! 2021 மே மாதம் திட்டம் தொடங்கியபோது, "இதற்கெல்லாம் யாரப்பா காத்திருப்பார்கள்?" என்று எனக்கு எழுதியவன் நீ.

அவளைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது. 2013 நடுவில் இங்கே ஒரு சலுகை வந்தது. வேலை நாளில் காலை 7:45க்குள் நகர மையத்து எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வெளியேறிவிட்டால் பயணம் இலவசம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போக நான் ஆறே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பினேன். அம்மா உயிரோடு இருந்தபோது எத்தனை அதட்டியும் எழாதவன்! அலுவலகம் திறக்க நேரமிருக்குமே, கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து, மிச்சம் பிடித்த காசைக் காப்பிக்கும் ரொட்டிக்கும் கொடுத்துவிடுவேன். கணக்குப் பார்த்தால் லாபம் சுழியம். ஆனாலும் 7:44க்குக் கதவைத் தாண்டும் சந்தோஷம் இருக்கிறதே! 2017 கடைசியில் விதியை மாற்றினார்கள். 7:45க்குள் உள்ளே நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி, அவ்வளவுதான். மறுநாளே அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லும் கதை இன்னும் வேடிக்கை. 1975 ஜூனில், காலையில் நகருக்குள் காரில் நுழைய நாளுக்கு 3 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கட்டணம் வைத்தார்கள். காரில் நாலு பேர் இருந்தால் கட்டணமில்லை. உடனே கார்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்று, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்களாம். இவரும் அப்படி எத்தனையோ முறை ஓசிச் சவாரி போனவர். 1989இல் அந்தச் சலுகையை எடுத்தார்கள், கூப்பிட்டவர்களையும் காணோம்.

அப்புறம் என் மச்சான். 2023 அக்டோபரில் சின்னக் கார் ஒன்று வாங்கினான். பத்து வருடம் வைத்துக்கொள்ளும் சான்றிதழுக்கு மட்டும் 1,06,000 வெள்ளி. வண்டி விலை தனி. ஓடினாலும் நின்றாலும் நாளைக்கு 29 வெள்ளி! அந்த விலைக்குப் பயந்துதான் என்னைப்போன்றவர்கள் கார்ப் பக்கமே போகவில்லை. ஆனால் கொடுத்துவிட்டவன் என்ன செய்கிறான் தெரியுமா? கறிவேப்பிலை வாங்கக்கூட காரில் போகிறான். "கட்டின காசு வீணாகலாமா?" என்கிறான். அதே மச்சான், சாலைக் கட்டணம் பிடிக்கும் இஆர்பி கம்பத்தைத் தாண்டினால் ஒன்றிரண்டு வெள்ளி பிடிப்பார்கள் என்று ஊரையே சுற்றிக்கொண்டு வருவான். என்றோ கொடுத்த லட்சம் அவனுக்கு உறைப்பதில்லை. இப்போது கையைவிட்டுப் போகும் இரண்டு வெள்ளிதான் உறைக்கிறது. தங்கச்சிக்கும் அப்படித்தானே? அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் அவளிடம் சில்லறை கேட்பதில்லை. மாதக் கடைசியில் அந்தச் சில்லறை அவள் கையில் என்னவாக நிற்கிறது என்று ஒருநாளாவது கேட்டாயா?

சரி, பொங்கலுக்கு வருகிறேன். மூன்று பேரும் அந்தப் பேருந்திலேயே பெரிய கோவிலுக்குப் போவோம். நமக்கு இரண்டு டிக்கெட், நீதான் எடுக்கவேண்டும்.

உன்,
முத்து