கோட்டுக்கு நீளம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள வசந்தி,

நீ சித்திரையில் எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டும் என்றால் போனில் திட்டிக்கொள், இப்போது இதைப் படித்து முடி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறாள். சின்னவன் ப்ளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி கிடையாது. பாக்கியம் சிங்கப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், உன்னையும் விசாரித்தாள், பிளாஸ்டிக் வாளியையும் விசாரித்தாள். செய்தி அவ்வளவுதான். மீதியெல்லாம் வேறு விஷயம், அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

ஆடி கடைசியில் ஒரு நாள், பதினொன்றாம் வகுப்பு. போர்டில் எண்கோடு போட்டேன். ஒவ்வொரு மெய்யெண்ணும் ஒரு புள்ளி, புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் கோடு என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுந்து, “மிஸ், புள்ளிக்கு நீளமே இல்லைன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. நீளமே இல்லாததை எவ்வளவு சேர்த்தாலும் கோட்டுக்கு நீளம் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், உனக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வைக்கக்கூடிய அளவில் பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தான், ஆனால் கோட்டின் புள்ளிகள் அப்படி வரிசையில் அடங்காதவை, அவற்றை அந்த மாதிரி கூட்டக் கூடாது என்று சொன்னேன். “கூட்டினா என்ன வரும்னு தெரியாதா மிஸ், இல்ல கூட்டவே கூடாதா?” என்றாள். கூட்டக் கூடாது என்றேன். சரி மிஸ் என்று உட்கார்ந்துவிட்டாள். கடையில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவார்களே, அந்த முகம்.

அந்த முகம் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து ராத்திரி சமையலறை ஒழிந்ததும் உட்கார்ந்து படிக்கிறேன், முடிவிலிகளுக்கே அளவு சொன்ன கணிதக்காரர் கேன்டரிலிருந்து ஆரம்பித்து.

நீ கேன்டர் பக்தை, ஹாஸ்டல் கதவில் சாக்பீஸால் அவருடைய முடிவிலிக் குறியான அலெஃப் வரைந்து வார்டனிடம் மாட்டியவள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. 1891-இல் அவர் காட்டிய மூலைவிட்ட வாதம் அசைக்க முடியாதது. நீ மெய்யெண்களுக்கு எந்தப் பட்டியல் கொண்டுவந்தாலும், முதல் எண்ணில் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவதில் இரண்டாவதை மாற்று, இப்படியே போனால் வருகிற எண் உன் பட்டியலில் இல்லை. இல்லாத எண்ணைக் கையில் எடுத்தே கொடுத்துவிடுகிறது, அதனால் கேன்டரை ஏற்காத கட்சிக்காரர்களும் இதை மறுப்பதில்லை. அந்தக் கட்சிக் கணிதக்காரர் எரெட் பிஷப் 1967-இல் கட்டியெழுப்பிய பகுப்பாய்விலும் இது இருக்கிறது. என் சந்தேகம் இதற்கு அடுத்த படியில். பட்டியலில் அடங்காது என்றுதான் வாதம் சொல்கிறது. நாம் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் போய், மெய்யெண்கள் இயல் எண்களைவிட அதிகம், இது பெரிய முடிவிலி, அது சின்ன முடிவிலி என்கிறோம். அடங்காதது எப்போது அதிகமாயிற்று?

உன் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன், அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. π, e, ரூட் 2 மாதிரி, இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சடித்துக்கொண்டே போகிற புரோகிராம் உள்ள எண்களை மட்டும் எடுத்துக்கொள், 1936-இல் டூரிங் எடுத்துக்கொண்டது போல. புரோகிராம் என்பது முடிவுள்ள எழுத்து வரிசை, நீளப்படி, அகரவரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம். ஆகவே இந்த எண்கள் 1, 2, 3-ஐவிட அதிகம் என்று நீயே சொல்ல மாட்டாய். இப்போது, இந்த எண்களை ஒன்று விடாமல், குப்பை கலக்காமல் பட்டியல் போடுகிற ஒரே ஒரு புரோகிராம் எழுது பார்ப்போம். முடியாதுடி. எழுதிவிட்டால் அதன் மேலேயே மூலைவிட்டத்தை ஓட்டி ஒரு புது எண் எடுப்பேன், அதற்கும் புரோகிராம் இருக்கும், அது உன் பட்டியலில் இருக்காது. அதிகமாக இருப்பதால் பட்டியல் போட முடியாமல் போகவில்லை. எந்த புரோகிராம் நடுவழியில் மாட்டிக்கொள்ளும், எது கடைசி வரை ஓடும் என்று முன்கூட்டிப் பிரித்தெடுக்க வழியில்லாததால் முடியாமல் போகிறது. கேன்டரின் அதே வாதம், அதே வார்த்தைகள், ஆனால் இங்கே “பெரிய” என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைப் படித்த ராத்திரி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பெரும்பாலான மெய்யெண்களுக்குப் பெயரே வைக்க முடியாது என்று அடுத்து எழுதப்போனேன், உன் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன், நீ பாய்ந்திருப்பாய். புரோகிராம் கிடையாது என்பது வரை உறுதி. வரையறுக்கவே முடியாது என்பது வழுக்குகிற வாக்கியம். ஒவ்வொரு எண்ணும், ஏன் ஒவ்வொரு கணமுமே, வரையறைக்குள் வந்துவிடுகிற கணக் கோட்பாட்டு மாதிரிகள் இருக்கின்றன என்று ஹாம்கின்ஸும் இன்னும் இரண்டு பேரும் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். இதை மட்டும் தனியாகப் பேச வேண்டும், போனில்.

அப்புறம் பிரௌவர். ஆம்ஸ்டர்டாம்காரர், கேன்டர் வழியை ஏற்காத கணிதக்காரர். தாடி சார் அவரைப் பற்றி ஒரு வகுப்பில் அரை நிமிஷம் பேசியிருப்பார், அவ்வளவுதான் நமக்குக் கிடைத்தது. அவருடைய வழியில் ஒரு எண்ணைச் செய்து காட்டுகிறேன். 4, 6, 8 என்று இரட்டைப்படை எண்களை வரிசையாக எடு. ஒவ்வொன்றையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு 0 போடு, முடியாவிட்டால் 1 போடு. எல்லாவற்றையும் அப்படி எழுத முடியும் என்பதுதான் கோல்ட்பாக்கின் ஊகம், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண் வரைக்கும் கம்ப்யூட்டரில் சரிபார்த்துவிட்டார்கள், அதனால் நம் எண் 0.000 என்று தொடங்கி கோடி கோடி பூஜ்யங்களாகப் போகிறது. இது பூஜ்யமா, பூஜ்யத்தைவிடப் பெரியதா? நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஏதோ ஒன்று ஏற்கெனவே உண்மை, நமக்குத்தான் தெரியவில்லை என்பாய். நானும் இத்தனை நாள் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முடிவில்லாத ஒரு வரிசையை யாரோ முழுக்க எண்ணி முடித்து வைத்திருப்பது போலப் பேசாதே, நிரூபணம் வரும் வரை இதுவும் இல்லை அதுவும் இல்லை என்கிறார் பிரௌவர்.

இதை ஒப்புக்கொண்டால் கோடே மாறிப்போகிறது வசந்தி. பூஜ்யம் வரைக்கும் 0, அதைத் தாண்டினால் 1 என்று படிக்கட்டு மாதிரி ஒரு சார்பு போர்டில் வரைவோமே, அந்த கோல்ட்பாக் எண்ணில் அதன் மதிப்பு என்ன? சொல்ல முடியாது. அப்படியானால் அது கோடு முழுவதற்கும் வரையறுத்த சார்பே அல்ல. கோடு முழுவதற்கும் உண்மையாகவே வரையறுத்த எந்தச் சார்பும் தொடர்ச்சியாகத்தான் இருக்கும் என்று 1920-களில் அவர் தேற்றமே கொடுத்தார். கோட்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மிச்சமில்லாமல் இரண்டாக நறுக்கவும் முடியாது.

தீபாவளிக்கு மைசூர்பாகு கிண்டினோம். அம்மா பாகில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்தாள், ஒற்றைக் கம்பி வந்தது. “முன்னே எல்லாம் கை சொல்றதைத்தான் நம்புவேன், இப்போ கம்பி கண்ணுக்கே தெரியுது” என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். அந்தக் கம்பி அறும், எங்கோ ஓர் இடத்தில் அறும், ஆனால் அறுவதற்கு முன் அந்த இடம் என்று ஒன்று அதில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறதா? அறுந்த பிறகுதான் முனை. அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே சொன்ன விஷயம், புள்ளிகளைக் கோத்துக் கோடு வராது, கோட்டை வெட்டினால் அங்கே புள்ளி. அம்மா அடி பிடிக்கப் போகிறது என்று கத்திய பிறகுதான் கிண்டினேன்.

நீ கேன்டர் கட்சியின் பெரிய கணிதக்காரர் ஹில்பர்ட்டைக் கூட்டிக்கொண்டு வருவாய். வரட்டும், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேன்டர் நமக்காகப் படைத்த சொர்க்கத்திலிருந்து யாரும் நம்மை விரட்ட முடியாது என்று 1925-இல் மூன்ஸ்டரில் பேசியவர். இது அல்லது அது என்ற விதியைப் பறிப்பது குத்துச்சண்டைக்காரனிடம் முஷ்டியைப் பறிப்பது போல என்றும் சொன்னார். விலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கீழேயிருந்து மேலே போகிற தொடர்ச்சியான வளைவு பூஜ்யத்தை எங்கோ தொட்டே தீரும் என்று நாம் முதல் செமஸ்டரில் படித்த தேற்றம்கூட பிரௌவர் பக்கத்தில் முழுசாக நிற்பதில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கிட்டப் போகலாம் என்ற அளவில்தான் கிடைக்கும். ஆனால் 1928-இல் கணிதப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலிருந்தே பிரௌவரை ஹில்பர்ட் நீக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. தவளைக்கும் எலிக்கும் நடக்கிற சண்டை என்று ஐன்ஸ்டைன் ஒதுங்கிக்கொண்டார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதை விட்டுக் கேட்டவரை வெளியே அனுப்பினால் கேள்வி போய்விடுமா?

போகவில்லை, இப்போது இயற்பியல் பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. ஜெனீவாவில் நிக்கோலா ஜிசின் என்பவர், 2020 வாக்கில் இதைப் பற்றி எழுதியவர், கேட்பது எளிமையான கேள்வி. ஒரு துகளின் இடத்தை ஒரு மெய்யெண்ணால் குறிக்கிறோம், அந்த எண்ணுக்கு முடிவில்லாத இலக்கங்கள், அப்படியானால் கடுகளவு இடத்துக்குள் முடிவில்லாத தகவல் அடைந்து கிடக்கிறதா? இல்லை, தொலைதூர இலக்கங்கள் இன்னும் தீர்மானமாகவே இல்லை, காலம் போகப் போகத்தான் உருவாகின்றன என்கிறார், அதற்கு பிரௌவரின் கணிதத்தையே மொழியாக எடுத்துக்கொள்கிறார். இது சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தகுதி போதாது, ஆனால் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது.

உன் கன்டினுவம் ஊகத்தையும் சும்மா விடவில்லை, இயல் எண்களின் அளவுக்கும் மெய்யெண்களின் அளவுக்கும் நடுவில் வேறு அளவே கிடையாது என்கிறதே, அதை. கேன்டர் 1878-இல் கேட்டது, கோடலும் கோஹனும் சேர்ந்து, நிரூபிக்காமலே ஏற்று கைவசம் வைத்திருக்கிற அடிகோள்களால் ஆம் என்றும் முடிக்க முடியாது, இல்லை என்றும் முடிக்க முடியாது என்று 1963-க்குள் காட்டிவிட்டார்கள். 2021-இல் அஸ்பெரோவும் ஷிண்ட்லரும் இரண்டு போட்டி அடிகோள்களில் வலுவான ஒன்றிலிருந்து மற்றது வந்துவிடும் என்று நிரூபித்தார்கள், இரண்டின்படியும் நடுவில் சரியாக ஒரே ஒரு அளவு உண்டு. அற்புதமான வேலை. ஆனால் பாகுக் கம்பியில் எத்தனை புள்ளி என்று எண்ணுகிற கேள்வியாகவே அது எனக்குத் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதே.

என்னை உறுத்துவது வேறு. 1872-இல் டெடகின்ட், கோட்டை இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டாகப் பிரிக்கிற வெட்டு என்ற கருத்தைக் கொடுத்தபோது, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு புள்ளி இருக்கிறது என்பதை நிரூபிக்க என்னாலும் முடியாது, யாராலும் முடியாது, அது நாம் கோட்டுக்கு ஏற்றிச் சொல்கிற அடிகோள் என்று தன் கையாலேயே எழுதிவிட்டார். அவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஒன்றை நான் இருபத்திரண்டு வருஷம், சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்வி தொண்டை வரை வந்து நின்றிருக்கும்.

போன திங்கட்கிழமை அந்தப் பெண்ணை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். உன் கேள்விக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றேன், பயந்தே போனாள். பாகுக் கதையைச் சொன்னேன், புள்ளிகளிலிருந்து கோடு வரவில்லை, கோட்டை வெட்டினால் புள்ளி வருகிறது என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ வெட்டறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளி அங்க இருந்துச்சா, இல்லையா மிஸ்?” என்று கேட்டாள். அங்கேதான் நூறு வருஷத்துக்கும் மேலாக இரண்டு கட்சி என்று சொல்லி இரண்டையும் சொன்னேன். பரீட்சைக்கு எதை எழுதணும் என்று கேட்டாள், புத்தகத்தில் இருப்பதை எழுது என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டு போனாள்.

அதனால் எனக்கு ஒரு உதவி. தாடி சாரின் ரியல் அனாலிசிஸ் நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, என்னிடம் இருந்தது இரண்டு வீடு மாறியதில் போய்விட்டது. டெடகின்ட் வெட்டு நடத்திய அன்று அடிகோள் என்று போர்டில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், நீ சாரின் ஒரு வார்த்தையையும் விடாமல் எழுதுபவள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. பரணில் ஏறணும் என்றால் உன் வீட்டுக்காரரை ஏறச் சொல், உன் முட்டி இருக்கிற நிலைமைக்கு நீ ஏறாதே.

அன்புடன்,
கலா