டுஷென் தசைநலிவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உப்புவெளி, கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மாரி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாங்கள் அதிகம் பேசியது எலும்பைப் பற்றி. "இது தசை வருத்தம்தானே, எலும்புக்கு என்ன?" என்று பலர் கேட்டீர்கள். தசை இழுத்து வேலை வாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். டுஷென் நோயில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமல் தசை நலிய, எலும்பும் மெலிகிறது. நடையைக் கொஞ்சக் காலம் நீட்டித் தரும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் மாத்திரைகளும் எலும்பைப் பலவீனமாக்குகின்றன. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால் விற்றமின் டியும் குறையும்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்டநாள் எடுத்த பிள்ளைக்குத் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் போதாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். அயலவர் பேச்சைவிட இதில் மருத்துவர் சொல்வதே கணக்கு.

எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மகனுக்கு வந்த நாரிநோவைச் சக்கர நாற்காலியின் குற்றம் என்றே எல்லோரும் நினைத்தோம். எக்ஸ்றே எடுத்தபோது முள்ளந்தண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. பிள்ளை விழவில்லை. சில பிள்ளைகளுக்கு வலியே இல்லாமலும் இப்படி நடக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் மோசமில்லை என்று வந்தாலும் நசுங்கல் இருக்கலாம். 2018இல் வெளியான சர்வதேசப் பராமரிப்பு வழிகாட்டல், ஸ்டீரொய்ட் எடுக்கும் பிள்ளைக்கு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை முள்ளந்தண்டின் பக்கவாட்டு எக்ஸ்றேயும், வருடாந்தம் விற்றமின் டி பரிசோதனையும் வேண்டும் என்கிறது. கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. நசுங்கல் தெரிந்தால், எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பொஸ்பனேட் மருந்தை நாளத்தில் ஏற்றுவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். அதற்கு முன் பல்லையும் காட்டிவிடுவது நல்லது.

சமையல் பற்றிய கூட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம்! முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன் பிட்டு, முருங்கையிலை, கிண்ணியாத் தயிர் எல்லாவற்றிலும் கல்சியம் உண்டு. ஆனால் ஸ்டீரொய்ட் உடம்பைப் பெருக்கவைக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆகவே தயிருக்குச் சீனியோ பாணியோ வேண்டாம். நெத்தலியும் கருவாடாக இல்லாமல் பச்சையாக வாங்குங்கள். கல்சியம் குளிசை மருத்துவர் சொன்னால் மட்டும்.

அப்புறம், பெல்ட். சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து தொடையெலும்பு முறிவது இந்தப் பிள்ளைகளிடம் சாதாரணம். பள்ளமும் மேடுமான ஒழுங்கைகளில் பெல்ட் போடாமல் தள்ளிக்கொண்டு போவதை இன்னும் காண்கிறேன், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. விழுந்த பிறகு மூச்சுத் திணறலோ தடுமாற்றமோ வந்தால், எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு இரத்தத்தில் கலந்திருக்கலாம். கட்டுப்போட்டுப் பார்ப்போம் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், ஸ்டீரொய்ட் எடுப்பதையும் அங்கே முதலில் சொல்லுங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மருந்து விபரம் எழுதிய அட்டை ஒன்று அச்சடித்துக் கொடுக்க நிர்வாகம் யோசித்துள்ளது. செலவைச் சபைதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கோரிக்கையோடு இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்