நோர்மல் எண்டு அப்பாகிட்ட சொல்லாத மனே

மனே, சுகமா இரிக்கியா. இஞ்ச நாங்க சுகம், மழை விட்டு அஞ்சாறு நாளாகுது, முத்தத்துல தண்ணி வத்தி இப்ப வெறும் சேறுதான். ஞாயித்துக்கிழமை நீ கதைச்சிட்டு இரிக்கக்கொள்ள அப்பா பாதியில போனை என்ட கையில தந்திட்டு ஒழும்பிப் போனதுக்கு நீ யோசிச்சிருப்பாய், அதான் இதை எழுதுறன். வொய்ஸ் போட ஏலாது, மனிசன் பக்கத்துல கதிரையிலதான் இரிக்கிறார், எல்லாம் கேக்கும்.

நீ பிழையா ஒண்டும் கதைக்கல்ல. நெட்ல பாத்திட்டு "நவம்பர் மழை மட்டக்களப்புக்கு நோர்மல்தானே அப்பா, பிறகென்ன" எண்டு கேட்டாய். அந்த ஒரு சொல்லுதான் அவருக்கு ஏறிட்டு. வயலுக்குப் போறதும் வாறதும் "நோர்மலாம் நோர்மல்" எண்டு தனக்குள்ளயே சொல்லிட்டுத் திரியிறார், நான் சிரிச்சா அதுக்கும் கோவம்.

கணக்கு சரிதான், அதை நானும் பாத்திட்டன். கிணத்தடிக்கு அங்கால கல்லு மேல ஒரு பால்மா பேணி வைச்சிரிக்கன் எண்டு உனக்குத் தெரியும்தானே, அடியும் வாயும் ஒரே அகலமா இரிக்கிற பேணி எண்டா உள்ள எவ்வளவு மில்லிமீட்டர் தண்ணி நிக்குதோ அதான் மழை, வேற கணக்கு தேவையில்ல, நீ நாலாம் வகுப்புல பாவிச்ச அடிமட்டத்தத்தான் இப்பயும் விடுறன். விடிய எட்டரைக்கு அளந்து கலண்டர்ல எழுதுவன், வளிமண்டலவியல் திணைக்களக்காரரும் எட்டரைக்குத்தான் ஒரு நாள் கணக்கை முடிக்கிறவங்க. நவம்பருக்கு என்ட பேணிக் கணக்கு 346. மட்டக்களப்புக்கு நவம்பர்ல சராசரி ஒரு 350 அளவு. நாலு மில்லிமீட்டர்தான் குறைவு, ஒரு பின்னேரத் தூறல்.

ஆனா அந்த கலண்டர் தாளைப் பாத்தா உனக்கு விளங்கும். 1ம் தேதியில இருந்து 20 வரைக்கும் எல்லாம் சேத்து 41. முக்கால்வாசிக் கட்டம் வெறுமையாக் கிடக்கு. மறுகா 21ல 38, 22ல 117, 23ல 96, 24ல 39, நாலு நாளைக்குள்ள 290. மிச்ச நாளெல்லாத்துக்கும் சேத்து 15. 22ம் தேதி விடிய குடையோட போய்ப் பாத்தா பேணிக்குள்ள ஒரு தேரை இரிக்கி, அளவு சரியா வராதெண்டு அதை எடுத்து விட்டன், அப்பா வாசல்ல நிண்டு "அந்தத் தேரையையும் சேத்து எழுது, அதுவும் வானத்துல இருந்துதான் விழுந்திருக்கும்" எண்டார். அந்த நேரம் பகிடி விடுற மனநிலையில இருந்த மனிசன்தான் அது, வயலை இன்னும் பாக்கல்ல.

வயல்ல என்ன நடந்தது எண்டு போன்ல அவர் உனக்குச் சொல்லயில்ல. ஒக்டோபர் நடுவுல பெய்ஞ்ச மழைய நம்பி புழுதியிலயே விதைச்சம், முளைச்சு நல்லா வந்தது. மறுகா வானம் மூடிக் கட்டிட்டு. நவம்பர் பிறந்து மூண்டு கிழமையா கச்சான் காத்து வீசுற வரண்ட காலம் மாதிரி வெயில், நிலம் வெடிக்காத குறை, நெல்லு மஞ்சளிச்சுப் போக நெற்சப்பி, கோரை எண்டு களை மட்டும் என்னமா வளருது தெரியுமா. யூரியா போட நிலத்துல ஈரம் வேணுமே, மூட்டைய வாடிக்குள்ள அடுக்கி வைச்சிட்டு ஒவ்வொரு நாளும் பொழுதுபட கிழக்கால கடல்ப் பக்கம் பாத்திட்டு இருப்பார். 21ம் தேதி விடிய 38 எண்டதும் சந்தோசம், நல்ல பதமான ஈரம், வயல் வேலைக்கு நிக்கிற முல்லைக்காரனையும் கூட்டிட்டுப் போய் அண்டைக்குப் பின்னேரமே முழு யூரியாவையும் எறிஞ்சு முடிச்சிட்டார். அண்டைக்கு ராவுதான் அந்த 117.

வரம்பு எல்லாம் மூடி, எங்கட வயல் எது பக்கத்து வயல் எது எண்டு தெரியாத மாதிரி வெள்ளை வெளேரெண்டு கிடந்தது. அவர் வரம்புல தண்ணி போற வக்கடையெல்லாம் வெட்டி விட்டுப் பாத்தார், ஆனா வெட்டி எங்க விடுற, அங்காலயும் தண்ணி. மட்டக்களப்பு வாவி நிரம்பிட்டு எண்டா வாவிக்கு மேற்கால இரிக்கிற எங்கட படுவான்கரைத் தண்ணி போக இடமில்ல, முகத்துவாரம் திறந்து கடலுக்குள்ள இழுத்தாத்தான் இறங்கும், அது இறங்கி எங்கட வயல் வட்டைக்கு வெளிக்க அஞ்சு நாளாச்சு. காத்துக்கு வாவியில ஆக்களை ஏத்திற பாதைப் படகும் ஓடல்ல, குருமண்வெளியில இருந்து சித்தி அனுப்பின மருந்து ரெண்டு நாள் அங்கயே கிடந்தது.

இதுக்குள்ளதான் நீ நோர்மல் எண்டாய்.

நான் இதை அவருக்கு விளங்கப்படுத்தப் பாத்தன் மனே. சராசரி எண்டது முப்பது வருஷத்து நவம்பரைக் கூட்டி முப்பதால பிரிக்கிறது, இப்ப 1991ல இருந்து 2020 வரைக்கும் எடுக்கிறாங்க, அதுல காய்ஞ்ச வருஷமும் இரிக்கி முங்கின வருஷமும் இரிக்கி, ஒரு வருஷம் 600 மில்லிமீட்டர் கூடக் கொட்டினா மத்த எல்லா வருஷத்துக்கும் 20, 20 பங்கு போயிரும் எண்டன். "அப்ப 2011 தை வெள்ளம் இன்னும் எங்கட கணக்குலதான் நிக்குதா" எண்டு கேட்டார். நிக்குதுதான், தை மாசச் சராசரிக்குள்ள நிக்குது. உனக்கும் ஞாபகம் இரிக்கும் அது, பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தமே. 2010 டிசம்பர் 1ல இருந்து ஜனவரி 12 வரைக்கும் 1600க்கு மேல பெய்ஞ்சது, எங்களுக்கு ஒரு முழு வருஷத்துக்கே 1650 அளவுதான். 78 சூறாவளி இந்த முப்பது வருஷத்துக்குள்ளயே வராது, அதுல காத்துதான் பெரிசு, நவம்பர் 23. எனக்கு அப்ப 16 வயசு, விடிஞ்சு பாத்தா தலையோட நிக்கிற தென்னை ஒண்டுமில்ல.

உங்கட மெல்பேர்ண்ல வருஷம் முழுக்கவே 650 அளவுதான் பெய்யும் எண்டு நீதானே சொன்னாய், அதுவும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா, அந்த மாதிரி ஊருக்கு மாசச் சராசரிய நம்பி உடுப்புக் காயப்போடலாம். எங்களுக்கு நவம்பரும் டிசம்பரும் சேந்தா மட்டும் அதைவிடக் கூட. நவம்பர் இன்னும் வடகீழ் பருவக்காத்து இல்ல, அது டிசம்பர்லதான் எண்டு நீ புவியியல்ல படிச்சிருப்பாய், இது ரெண்டாம் இடைப்பருவம், பின்னேர இடிமழையும் வங்காள விரிகுடாவுல வாற தாழமுக்கமும்தான். தாழமுக்கம் இந்தப் பக்கம் வந்தா நாலு நாள்ல ஒரு மாசத்து மழை, அங்கால கிறுகிப் போச்செண்டா வெறும் வெயில். பக்கத்து வீட்டு மாஸ்டர் எல் நினோ வந்தா எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழை கூடும் எண்டு கதைச்சிட்டு இருந்தார், உங்கட பக்கம் அது வந்தா வரட்சியாமே, தலைகீழா இரிக்கி.

நட்டமெல்லாம் இல்ல, பயப்படாத. மேட்டுப் பக்கத்து வயல் துண்டு, மேட்டு வரவை, தப்பிட்டு, இலை கறுத்துப் பச்சையா நிக்கிது, யூரியா கொஞ்சம் அங்க தங்கியிரிக்கி போல. பள்ளத்து வரவையில பாதி அழுகிட்டு, அடர்த்தியா நிக்கிற இடத்துல பிடுங்கி இடைவெளிக்கு நடுறாங்க, நாளைக்கு நாலு பொம்பிளையாக்கள் வாறாங்க, நானும் சோறு ஆக்கிக்கொண்டு போவன். திரும்ப யூரியா வாங்க அவர் உன்னட்ட கேக்கமாட்டார். நீயும் இப்ப அனுப்பாத, அனுப்பினா நான் சொல்லித்தான் எண்டு கண்டுபிடிச்சிருவார், தேவையெண்டா நானே சொல்லுறன்.

வாற ஞாயிறு எடுக்கக்கொள்ள மழையப் பத்தி ஒண்டும் கேக்காத. மேட்டு வரவை எப்பிடி எண்டு கேளு, கதைப்பார். நீ லீவுல வரக்கொள்ள ஒரு மழைமானி வாங்கிட்டு வா, பிளாஸ்டிக் எண்டாலும் காணும், பேணி அடியில கறள் பிடிச்சு ஓட்டை விழப் பாக்குது. வாய் சின்னனாப் பாத்து வாங்கு, தேரை பூராத மாதிரி.

அம்மா